ஒட்டிக்கொண்ட ஓரசை: ‘அதைக் கேட்க’ என்பதன் ஸ்பானிஷ் கதை

போன பகுதியில் லத்தீன் எப்படி உடைந்து பல மொழிகளாச்சுன்னு பார்த்தோம். இன்னைக்கு ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கலாம்.

‘கேட்க’ என்பதற்கு ஸ்பானிஷில் ‘ஒயீர்’. ‘அதைக் கேட்க’ என்றால் ‘ஒயீர்லோ’. நாம் ‘அதை’ என்பதை வினைக்கு முன்னால் தனியாக வைக்கிறோம். அவர்கள் வினையின் வாலில் ஒட்டி, ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். ஏன் இப்படி?

லத்தீனில் இவை இரண்டு தனிச் சொற்கள்: ‘அவுதீரே’, ‘இல்லும்’. காலப்போக்கில் முன்னது தேய்ந்து ‘ஒயீர்’ ஆச்சு. பின்னது ‘லோ’ என்ற ஓரசையாகச் சுருங்கியது. அழுத்தம் இல்லாத ஓரசை தனித்து நிற்காது, ஒரு வினையில் சாய்ந்துதான் நிற்கும்.

அந்தச் சாய்வு எவ்வளவு நெருக்கம் தெரியுமா? 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பலர் ‘ஒயீர்லோ’ என்று சொல்லவில்லை. ‘ஒயீல்யோ’ என்றார்கள், அப்படியே எழுதவும் செய்தார்கள். ‘லோ’ வந்ததும் முன்னிருந்த ‘ர்’ அதோடு கரைந்துவிட்டது. நமக்கு இது புதுசில்லை: நல் + நெறி, நன்னெறி ஆகிறதே, அதே புணர்ச்சிதான். கவிஞர்களுக்கு இது எதுகைக்கும் வசதியாக இருந்தது.

ஆனால் எல்லோருக்கும் இந்தக் கலப்பு பிடிக்கவில்லை. 1535 வாக்கில் நேப்பிள்ஸில் இருந்துகொண்டு மொழியைப் பற்றி ஓர் உரையாடல் நூல் எழுதிய ஹுவான் தே வல்தேஸ், ஏவல் வினைகளில் நடந்த இதுபோன்ற ஒரு கலப்பைப் பற்றிப் பேசும்போது, வினை தனியாகவும் பெயர் தனியாகவும் தெரிவதே மேல் என்கிறார். காலம் அவர் பக்கமே சாய்ந்தது. ‘ஒயீல்யோ’ மெல்ல மறைந்து, ‘ர்’ திரும்பி வந்தது.

இன்னொரு வடிவமும் மறைந்தது. ‘அதைக் கேட்பேன்’ என்பதை அன்று ‘ஒயீர்லோ எ’ என்றும் சொன்னார்கள். ‘எ’ என்பது ‘எனக்கு உண்டு’ என்ற துணைவினை. அதாவது, ‘அதைக் கேட்க எனக்கு உண்டு’. பிற்பாடு அந்தத் துணைவினை வினையோடு முழுசாக இறுகி, எதிர்கால விகுதியாகவே மாறிவிட்டது. நடுவில் ‘லோ’வுக்கு இடமில்லை. அது முன்னால் போய் ‘லோ ஒயிரே’ ஆச்சு.

எழுத்தில் நடந்த மாற்றம் ரொம்பச் சமீபம். ‘ஒயீர்’ என்பதன் ‘ஈ’ மேல் இன்று போடும் அழுத்தக்குறியை, 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அகாதெமி 1952இல் வெளியிட்ட புதிய விதிகளில்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் குறி இல்லாவிட்டால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள்.

ஸ்பெயின் கைவிட்டதைப் பக்கத்து வீடு வைத்திருக்கிறது. போர்ச்சுகீசியர்கள் ‘கேட்க’ என்பதற்கு ‘ஓவீர்’ என்பார்கள். ‘அதைக் கேட்க’ என்றால் ‘ஓவீலோ’. அங்கே ‘ர்’ இன்னும் கரைந்தேதான் இருக்கிறது. ஆக, எது சரி என்று இலக்கணப் புத்தகத்தில் படிக்கும் விதி, இரண்டு வழக்குகளில் ஒன்று ஜெயித்த கதை. தோற்றது பிழை அல்ல; ஓர் எல்லையைத் தாண்டினால் அதுவே விதி.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.