சிங்கையினின்று புறப்பட்ட சைக்கிள்

இராம்நாத் பிசுவாசு 1894இல் வங்கத்துச் சில்கெட் பகுதியிலுள்ள பானியாச்சொங் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் அனுசீலன் சமிதி என்னும் புரட்சி இயக்கத்தைச் சார்ந்தவர். முதலாம் உலகப் போரிற் படைவீரராய் மெசொப்பொத்தேமியா சென்ற அவர், பின்னர் மலாயாவை அடைந்து, பிரித்தானியக் கடற்படை சார்ந்த பணியிற் சிங்கப்பூரில் வாழ்ந்தார்.

அந்நாளிற் செம்பவாங்கிலே பெரியதொரு கடற்படைத் தளம் உருவாகிக்கொண்டிருந்தது. பேரரசை எதிர்த்த இயக்கத்தவர் அப்பேரரசின் ஊதியத்திலேயே வாழ நேர்ந்தது. எனினும் அவ்வூதியம் அவரைப் பிணிக்கவில்லை. 1931 யூலை 7ஆம் நாள், குயின் வீதியில் இந்தியர் கூடி வழியனுப்ப, 37 வயதினரான அவர் சைக்கிளிற் புறப்பட்டார். போர்வை இரண்டும், சைக்கிளைப் பழுதுபார்க்குங் கருவிகளும் அவர்தம் உடைமைகள். மலாயா, சீயம், இந்தோசீனம், சீனம், கொரியா, யப்பான் ஆகிய நாடுகளைக் கண்டார். பின்வந்த பயணங்களில் ஐரோப்பாவையும் ஆபிரிக்காவையும் கண்டு, தாம் கண்டவற்றை வங்கமொழியில் நூல்களாக்கினார்.

1938இல் திறக்கப்பெற்ற செம்பவாங் தளம் 1942இல் யப்பானியர் வசமாயிற்று. பிசுவாசு 1955இற் காலமானார். அடிமை நாட்டினன் ஒருவன் பிறநாட்டு மக்களை ஆள்வோர் கண்கொண்டு நோக்காது, தன் கண்ணாற் காண்பதும் விடுதலையின் ஒரு கூறேயென அவர் வாழ்வு உணர்த்துகின்றது.