முதல் வாரத்தில் நம்மை வரவேற்றது யார்?

கல்லூரிகள் திறக்கும் பருவம் வந்துவிட்டால் எனக்கு வருகிற அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணா, ஆபீஸ்ல முழு ஃபீஸையும் கட்டச் சொல்றாங்க. அரசாணை 92ன்னு சொன்னேன். அப்படி எதுவும் எங்களுக்கு வரலைங்கிறாங்க." 2012 செப்டம்பரில் வெளியான ஆணை அது. கலந்தாய்வு வழியாகத் தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும், பெற்றோரின் வருமானம் வரம்புக்குள் இருந்தால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் அது பொருந்தும். ஆணை வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது "வரவில்லை".

பையன் கவுண்டரில் கெஞ்சிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அதே கல்லூரியின் கலையரங்கில் புதிய மாணவர்களுக்கு ஓரியண்டேஷன் நடந்துகொண்டிருக்கும். குத்துவிளக்கு, தன்னம்பிக்கைப் பேச்சாளர், யோகா, ஒரு பை, ஒரு பேனா. கட்டணப் பிரச்சினை தீராததால் அவன் அங்கே போயிருக்க மாட்டான். வருகைப் பதிவேட்டில் முதல் நாளே அவனுக்கு ஆப்சென்ட்.

புதிதாக வருகிறவரைக் கல்லூரி எப்படி உள்ளே அழைக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நம் ஆட்கள் நுழையத் தொடங்கிய காலத்தில் அந்த வேலையைக் கல்லூரிகள் செய்யவில்லை. விடுதிகள்தான் செய்தன.

கோலாப்பூரில் சாகு மகாராஜ் 1901 முதல் மாணவர் விடுதிகளைத் திறந்துகொண்டே போனார். 1908-இல் தீண்டப்படாத மாணவர்களுக்கென்று மிஸ் கிளார்க் விடுதி வந்தது. ஊரிலிருந்து படிக்க வந்த பையனுக்கு நகரத்தில் யாரும் வீடு தர மாட்டார்கள், சாப்பாட்டுக் கடையில் உட்கார இடமிருக்காது. இந்த நிலையில் பள்ளியில் இடம் கொடுத்து மட்டும் என்ன செய்வது? 1924 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அந்தச் சபை முதலில் செய்த வேலைகளில் ஒன்று, 1925 ஜனவரியில் சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு விடுதியைத் திறந்ததுதான். உணவு, உடை, நோட்டுப் புத்தகம் எல்லாம் அங்கேயே கிடைத்தன. அந்த மாணவர்கள் 'சரஸ்வதி விலாஸ்' என்று ஒரு இதழும் நடத்தினார்கள். இந்த இதழ் விஷயத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துபோவார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பசிக்குச் சோறு கிடைத்த உடனே அந்தப் பிள்ளைகள் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

அம்பேத்கருக்கு விடுதியின் அருமை ஏன் தெரிந்திருந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? 1913 ஜூலையில் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதியில் ஒரு வாரம், பிறகு காஸ்மோபாலிட்டன் கிளப், பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பத்தேனா என்ற பார்சி நண்பரோடு வாசம். அந்நிய தேசத்தில் தங்க அறை கிடைத்தது, வாழ்நாள் நட்பும் கிடைத்தது. 1917-இல் நாடு திரும்பி, ஒப்பந்தப்படி வேலை பார்க்கப் பரோடாவுக்குப் போனார். அங்கே தலைசாய்க்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்க வேண்டியதாயிற்று. விஷயம் தெரிந்து தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. தன் வரலாற்றுக் குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். இதை அனுபவித்த மனிதர் கல்விக் கழகம் கட்டும்போது கரும்பலகைக்கு முன்னால் கட்டிலைப் பற்றி யோசித்ததில் வியப்பில்லை.

1945-இல் மக்கள் கல்விக் கழகம், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி. வேலைக்குப் போகிறவர்களும் படிக்க வேண்டும் என்று அங்கே காலை வகுப்புகள் வைத்தார்கள். மாணவனின் நாள் எப்படி நகர்கிறது என்று பார்த்துக் கால அட்டவணை போட்ட கல்லூரி அது. 1950-இல் ஔரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிதான் பிற்பாடு மிலிந்த் கல்லூரி என்று பெயர் பெற்றது. அப்போது மராத்வாடா உயர்கல்வி அதிகம் எட்டாத பகுதி. நாகசேனவனம் என்று அழைக்கப்படும் அந்த வளாகத்துக்குக் கிராமங்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் விடுதிகளில் தங்கிப் படித்தார்கள். மராத்தி தலித் இலக்கியத்தின் முக்கிய இதழான 'அஸ்மிதாதர்ஷ்' 1960-களின் இறுதியில் அந்த வட்டத்திலிருந்து வந்தது. அதைத் தொடங்கிய கங்காதர் பான்தாவணே மிலிந்தோடு தொடர்புடையவர். சோலாப்பூர் விடுதி இதழின் தங்கை என்றே இதை நான் நினைத்துக்கொள்வேன். இது என் கற்பனை உறவுதான், ஆய்வாளர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் பெயரில் தொடங்கிய கல்விப் பணி நமக்குத் தெரியும். சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் இருக்கும் கல்லூரி மாணவர் விடுதியும் தெரியும். நம் வீடுகளில் வழக்கறிஞரோ மருத்துவரோ ஆசிரியரோ இருந்தால், அவர் கதையில் எங்காவது ஓர் ஆதிதிராவிடர் நல விடுதி வந்தே தீரும். ஒழுகும் கூரையும் தண்ணீர் வராத குழாயும் அந்தக் கதையில் வரும். கூடவே, முதல் நாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்ட ஒரு சீனியர் அண்ணனும் வருவார்.

பழைய தலைமுறையைக் கேட்டால் இன்னொரு சொல்லும் காதில் விழும்: "பி.யூ.சி. பெயில்." புகுமுக வகுப்பு. பள்ளி இறுதிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவில், கல்லூரிக்குள்ளேயே ஓராண்டு. பெயரைப் பார்த்தால் உள்ளே புகுவதற்காகப் போட்ட படி மாதிரி இருக்கும். தமிழில் படித்துவிட்டு வந்த கிராமத்துப் பிள்ளைக்கு அங்கே திடீரென்று எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. கைதூக்கிவிட ஆள் இல்லாத ஒரு வருடத்தில் தேறினால் பட்டம், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பலர் திரும்பினார்கள். 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிக்கே வந்தபோது புகுமுக வகுப்பு போனது. பிளஸ் டூ வரை சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ படிக்க முடிந்தது நமக்குப் பெரிய லாபம். ஆங்கிலத்தோடு மோதும் அந்த அதிர்ச்சி மட்டும் அப்படியே பட்டப் படிப்பின் முதல் ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

ஐஐடிகள் இதற்கு வேறு வழி கண்டுபிடித்தன. 1973-இல் அங்கே பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இடஒதுக்கீடு வந்தது. தளர்த்தப்பட்ட மதிப்பெண்ணையும் எட்டாதவர்களைப் பிறகு ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்தார்கள். அதில் தேறினால் மறு நுழைவுத் தேர்வில்லாமல் முதலாண்டு. நல்ல ஏற்பாடுதான், அதனால் பொறியாளர் ஆனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 'பிரெப்' என்ற முத்திரையோடு வகுப்புக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். இதே சிந்தனையில் வந்தவைதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் குறைதீர் பயிற்சி வகுப்புகளும். குறை யாரிடம் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே முடிவு செய்துவிடுகிறது.

அந்த முடிவைப் புரட்டிப் பார்த்தது தோரட் குழு. டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்க 2006-இல் சுக்தேவ் தோரட் தலைமையில் மூவர் குழு அமைக்கப்பட்டது. 2007-இல் அறிக்கை வந்தது. பேசிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 சதவீதம் பேர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். கற்பித்தலில் ஏதோ ஒரு வகைப் பாகுபாட்டைச் சொன்னவர்கள் 72 சதவீதம். விடுதியில் ஒதுக்கப்பட்டு, அறை மாறி மாறி, கடைசியில் எல்லோரும் ஒரே பகுதியில் போய்ச் சேர்ந்த கதையும் அதில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் அடிப்படைப் பாடங்களுக்கும் துணைப் பயிற்சி வேண்டும் என்று குழு சொன்னது. அதோடு நிற்காமல் ஆசிரியரின் நடத்தையையும் நிர்வாகத்தின் பொறுப்பையும் பேசியது. இளைஞர்களே, அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். நம் தரப்பு வாதங்களில் பாதி அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டே, 2008 பிப்ரவரியில், சேலம் பகுதியிலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யப் போன செந்தில்குமார் இறந்தார். பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பத்திலிருந்து போனவர். அவருக்கு ஆய்வு நெறியாளரே ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பிஎச்.டி.க்கு வருகிற மாணவனுக்கு ஓரியண்டேஷன் என்பதே அந்த நெறியாளர்தான். அந்த ஒரு பெயர் எழுதப்படாமல் மாதங்கள் கழிந்தால் உதவித்தொகை, ஆய்வகம், எதிர்காலம் எல்லாமே தொங்கலில் நிற்கும். எட்டு ஆண்டுகள் கழித்து, அதே வளாகத்தில் ரோஹித் வெமுலா.

வளாகங்களில் நெடுங்காலம் நடந்த உண்மையான அறிமுக நிகழ்ச்சி ராகிங்தான் என்றால் மறுப்பீர்களா? பெயர் என்ன, ஊர் எது, ரேங்க் எவ்வளவு என்று சீனியர் கேட்பது பெரும்பாலும் சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009-இல் மானியக் குழுவின் ராகிங் எதிர்ப்பு விதிகள் புதியவர்களையும் மூத்தவர்களையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச வேண்டும், புதியவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஓர் ஆசிரியரின் பொறுப்பில் விட வேண்டும் என்றெல்லாம் சொல்லின. ராகிங் என்பதன் வரையறைக்குள் சாதியின் பெயரால் இழிவுபடுத்துவது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது 2016-இல்தான். அதற்கு மூன்றாண்டுகள் கழித்து மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். 2012-இலேயே சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகள் வந்து, ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. அதை நடைமுறைப்படுத்தக் கேட்டு 2019-இல் ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இப்போது நடப்பது ஏஐசிடிஇயின் மூன்று வார அறிமுகத் திட்டமும், 2019-இல் மானியக் குழு கொடுத்த 'தீக்ஷாரம்ப்' வழிகாட்டுதலும். உடற்பயிற்சி, கலை, மனித விழுமியங்கள், ஊர் சுற்றிப் பார்த்தல், துறை அறிமுகம் என்று பட்டியல் நீளும். எல்லாம் இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அரை மணி நேரம், உன் கல்லூரியின் பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் இவர்தான், அறை எண் இது, உதவித்தொகை விண்ணப்பத்தை இந்தத் தேதிக்குள் போடு என்று ஒருவர் மேடையேறிச் சொல்லட்டும். நான் போய்வந்த கல்லூரிகளில் அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியில்தான் மாணவர் அமைப்புகள் வந்தன. ஹைதராபாத்தில் 1993-இல் தொடங்கிய அம்பேத்கர் மாணவர் சங்கம், 2014-இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், அதே ஆண்டு ஜேஎன்யூவில் பாப்சா. 2015-இல் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டதும், நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே திரும்பக் கிடைத்ததும் செய்தியானது. சேர்க்கைக் காலத்தில் மேசை போட்டு உட்கார்ந்து புதியவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்த்து, அறை கிடைக்கும்வரை தங்கள் அறையில் பாய் விரித்துக் கொடுப்பவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

எங்கள் ஊரில் மூன்று ஆண்டுகளாக அந்த மேசையைப் போடுகிறோம். ஒரு கல்லூரி வாசலில் செக்யூரிட்டி விரட்டினார், எதிர்ப்பக்கம் டீக்கடை நிழலுக்கு மாற்றிக்கொண்டோம். மேசையில் அரசாணை 92-இன் நகல்கள், உதவித்தொகைக்கு வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல், நல விடுதிக் காப்பாளரின் எண், பஸ் ரூட் எழுதிய அட்டை ஆகியவை இருக்கும். போன வருடம் கவுண்டரில் அழுதுவிட்டு எனக்கு ஃபோன் செய்த பையன் ஒருவன். நகலோடு ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கு நேரில் போனோம், இரண்டு நாளில் கல்லூரியே இறங்கிவந்தது. இந்த வருடம் மேசைக்கு வருகிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான். வரும்போது நூறு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா என்றேன். "இருநூறா எடுத்துடறேன்ணா, போன தடவை பத்தலைன்னீங்களே" என்றான்.