இரவில் ஓயாத கால்கள்



மாலை வேளையில் ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளிலிருந்து பெண்கள் கூட்டங்கூட்டமாக வீடு திரும்புவதைக் கண்டிருக்கிறேன். பகலெல்லாம் உழைத்தவர்க்கு இரவிலே ஓய்வு வேண்டும். ஆனால் சிலருக்குப் படுத்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. காலுக்குள் ஏதோ ஊர்வது போலத் தோன்றும். அசைக்காமல் இருக்க இயலாது. எழுந்து நடந்தால் தணியும். படுத்தால் மீண்டும் வரும். ‘கால் குடைச்சல்’ என்று நாம் அசட்டை செய்யும் இத்துன்பம், அமைதியற்ற கால் நோயாகவும் இருக்கலாம். இதை அறிய, இரவு முழுவதும் கருவிகளைப் பொருத்தித் தூக்கத்தை ஆராய வேண்டுமா? இக்கேள்விக்கு வரலாறே விடை கூறுகிறது.

1672ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், படுத்ததும் கைகால்கள் துள்ளுவதால் உறக்கமிழந்து வதைபட்டவர்களைப் பற்றி இலத்தீனில் எழுதினார். 1945இல் சுவீடன் நாட்டு எக்போம் இந்நோயை விரிவாக ஆராய்ந்து பெயரிட்டார். இருவருக்கும் தூக்க ஆய்வுக் கருவி ஏது? நோயாளியின் சொல்லைப் பொறுமையுடன் கேட்டே நோயை அறிந்தனர்.

தூக்க ஆய்வுக் கருவி படிப்படியாகவே வந்தது. 1924இல் ஜெர்மானியர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். 1960களில் இத்தாலியின் பொலோனா நகரில் லுகரேசி குழுவினர், இந்நோயாளிகளின் கால்கள் உறக்கத்தில் சீரான இடைவெளியில் உதறுவதைப் பதிந்தனர். நோயாளிகளில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரிடம் இவ்வுதறல் உண்டு. எனினும் நோயற்ற முதியோரிடமும் அது காணப்படுகிறது. ஆகவே அது உறுதியான சான்றாகாது. மேலும், விழித்திருக்கையில் நோயாளி படும் தவிப்பைக் கருவி எவ்வாறு உணரும்?

அப்படியானால் தூக்க ஆய்வு வீண்தானா? அன்று. குறட்டையும் மூச்சுத் தடையும் உள்ளவர்க்கும், நோய் ஐயத்துக்கிடமானவர்க்கும், மருந்துக்குக் குணம் காணாதவர்க்கும் அது பெருந்துணை.

அதற்கு முன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. உடலில் இரும்புச் சத்து குறைந்தால் இந்நோய் தோன்றலாம், மிகலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை இரத்தத்திலேயே அறியலாம். சோகை இல்லாதவரிடமும் அது குறைந்திருக்கக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சோகையுடையவர். குறைவு தெரிந்தால், மருத்துவர் சொற்படி இரும்புச் சத்து ஏற்றுப் பலர் நலம் பெறுகின்றனர்.

ஆம்பூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப்பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் துறையை நிறுவினார். வல்லுநர்க்கும் கருவிக்கும் இப்பகுதியில் குறைவில்லை. ஆனால் அங்கே செல்லும் பெண், “வெறும் அசதிதான்” என்று சொல்லி நிறுத்திவிட்டால் எந்தத் துறை என்ன செய்யும்?

உங்கள் வீட்டில் தாயோ பாட்டியோ நள்ளிரவில் எழுந்து நடந்தால், காரணம் கேளுங்கள். எப்போது வருகிறது, எதனால் தணிகிறது என்று கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வில்லிஸ் காலந்தொட்டு இன்றுவரை இந்நோய்க்கு முதற் சோதனை அதுவே.