வாசலில் எழுதிய சேதி

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பெங்களூரில் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலை. திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, தான் பயிற்சிக்காக வைத்திருக்கும் லினக்ஸில் நுழைந்தான். கடவுச்சொல் கொடுத்ததும் கறுப்புத் திரையில் நாலைந்து வரிகள் வந்தன.

"என்னப்பா இது?" என்றேன்.

"நம்ம வகுப்புக் கரும்பலகை மாதிரி சார். உள்ளே வர்றவங்களுக்குச் சொல்ற சேதி. எம்.ஓ.டி.டி.னு சொல்லுவோம். அன்றைய செய்தின்னு அர்த்தம்."

"உன் பொறுப்பில் எத்தனை சர்வர்?"

"நானூறு சார்."

"நானூறு பலகையிலும் நீயே எழுதுவியா?"

சிரித்தான். பிறகு விளக்கினான். அவன் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டியது. அதன் பெயர் சி.டி.எஸ்.எஸ். ஒவ்வொருவரும் தத்தம் தட்டச்சு முனையத்திலிருந்து அதில் நுழைவார்கள். எல்லோருக்கும் ஒரு தகவலைச் சொல்ல வேண்டுமானால் நுழைவாசல்தானே சரியான இடம்? அதனால் நுழைந்தவுடன் அன்றைய செய்தி அச்சாகி வரும்படி வைத்தார்கள்.

ஒரு நாள் அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்றா சொல்வது, விபரீதம். நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய செய்தியைத் திருத்தினார், இன்னொருவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்தினார். திருத்தும் மென்பொருள் இருவரின் தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயரை வைத்தது. இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவருக்கும் செய்திக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொல்லும் அச்சாகி வந்தது! 1990-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்ற கார்பட்டோ, தம் ஏற்புரையில் மறைக்காமல் இதைச் சொன்னார்.

அடுத்து வந்த யூனிக்ஸிலும், 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. இப்போது செய்தி இரண்டு வகை. கடவுச்சொல் கேட்பதற்கு முன் வருவது எச்சரிக்கை: "அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்." இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 43-ஆவது பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதைத் தவறு என்கிறது. அந்த அனுமதி யாருக்கு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நுழைந்த பின் வருவது அடையாளம்: இது எந்த சர்வர், சோதனைக்கா நேரலைக்கா, பொறுப்பாளர் யார்.

ஒரு கணினி இருந்த காலத்தில் ஒரு கோப்பைத் திருத்தினால் போதும். நூற்றுக்கணக்கில் பெருகியபோது கையால் எழுதி முடியவில்லை. 1993-இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் என்பவர் சி.எப். எஞ்சின் என்ற கருவியை உருவாக்கினார். 2012-இல் ஆன்சிபிள் வந்தது. என் மாணவன் பயன்படுத்துவது அதைத்தான்.

அதன் முறை நமக்குப் பழக்கமானதுதான். மேலிடத்திலிருந்து நமக்கு ஒரு படிவம் வருமே, "பள்ளியின் பெயர், ஒன்றியம், மாணவர் எண்ணிக்கை" என்று இடம் விட்டு? அப்படி ஒரே ஒரு மாதிரிப் படிவம். சர்வர்களின் பட்டியல் ஒன்று, அதில் சோதனை, நேரலை, தரவுத்தளம் என்று குழுக்கள். கருவி ஒவ்வொரு சர்வருக்கும் போய் அதன் பெயரையும் குழுவுக்குரிய வாசகத்தையும் நிரப்பி வைத்துவிடும். ஏற்கெனவே சரியாக இருந்தால் தொடாது.

"இவ்வளவு அக்கறை எதுக்குப்பா, நாலு வரிதானே?" என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. முன்பு வேலை பார்த்த இடத்தில், நேரலை சர்வர் ஒன்றில் சோதனை சர்வரின் செய்தி அப்படியே நகலாகிக் கிடந்திருக்கிறது. நள்ளிரவில் நுழைந்த நண்பர் அதை நம்பித் தரவுகளை அழித்துவிட்டார். வேலையும் போயிற்று.

எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், அரையாண்டுத் தேர்வு ஒன்றை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றினோம். ஒவ்வொரு வகுப்புப் பலகையிலும் நானே எழுதிக்கொண்டு வந்தேன். நடுவில் யாரோ பார்க்க வந்தார்கள். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு விட்டுப்போயிற்று. மற்ற பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். தோட்டத்து வீட்டிலிருந்து நடந்து வரும் ஒரு பெண் மட்டும் மதியம் வந்து நின்றாள். தேர்வு முடிந்திருந்தது. "பலகையைப் பார்க்க மாட்டியா?" என்று அவளையே திட்டினேன். பலகையில் ஒன்றும் இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. மறுநாள் தனியாகத் தேர்வு வைத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் நீயும் இருந்தால் அம்மா, தவறு என்னுடையது. மன்னித்துவிடு.

கருவி வந்தால் தவறே நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். நான் ஒரு பலகையை விட்டேன். படிவத்தில் பிழை இருந்தால் கருவி நானூறு பலகையிலும் அதே பிழையை எழுதும். அதனால் என் மாணவன் முதலில் என்ன மாறப்போகிறது என்று மட்டும் காட்டச் சொல்லிப் பார்க்கிறான். பிறகு ஒரு சர்வர், பிறகு ஒரு சிறு குழு, கடைசியில்தான் எல்லாம். எழுதியதை இன்னொருவர் படித்த பிறகே அனுப்புகிறான். அன்று என்னோடு இன்னொரு ஆசிரியரை ஒரு சுற்று வரச் சொல்லியிருந்தால் போதுமே!

இன்னொரு செய்தி. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. உங்களில் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டீர்கள். இவன் திறந்தான். அங்கே தொடங்கியதுதான் இந்த வேலை என்றான்.

இதே துறையில் இருக்கும் பிள்ளைகள், நான் எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். இந்த முறை மதிப்பெண் போடுவது நீங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பேரையூர்.