சிலாபத்துத் தேங்காயும் கேம்பிரிட்ஜ் பொருளியலும்

2022ம் ஆண்டு மார்ச் மாசம் எங்கட மச்சான் ஒருத்தன் மலேசியாவில இரண்டாம் வருஷம் வியாபார முகாமைத்துவம் படிச்சுக்கொண்டு இருந்தான். மாமாவுக்கு மதுரங்குளிப் பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோட்டம். அதுல வாற காசுலயும், கொஞ்சம் கடன்லயும்தான் அவனுக்கு ஃபீஸ் போனது. மார்ச் தொடக்கத்தில ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். மே மாசம் அதே டொலர் 360. தோட்டம் அதே தோட்டம், காய் அதே காய், பிள்ளை படிக்கிற பாடமும் அதே பாடம். ஃபீஸ் மட்டும் ரெண்டு மாசத்துல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வருஷக் கடைசியில அவன் திரும்பி வந்துட்டான். அந்தத் தவணையில அவங்களுக்கு நடந்த கடைசிப் பாடம் செலாவணி வீதமாம். "பாடத்துல கிராஃபா வந்துச்சு, வாப்பாட ஃபோன்ல கோலா வந்துச்சு" எண்டு சொல்லிச் சிரிப்பான். மாமாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

இந்தக் கதைக்குப் பிறகுதான் நான் காமினி கொரயாவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வெளிநாட்டில பொருளியல் படிச்ச இலங்கையர் நிறையப் பேர் இருக்கிறாங்க. ஆனா மாமாவுக்கு நடந்ததையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தவர், அதுவும் எங்கட மாவட்டத்துக் கரையோரக் குடும்பம் ஒன்றில் வந்தவர், இவர்தான்.

கொரயாக்கள் சிலாபத்துக் குடும்பம். சிலாபம் அப்ப தனி மாவட்டம், இப்ப புத்தளம் மாவட்டத்துக்குள்ள. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாள்ஸ் எட்கார் கொரயா, விக்டர் கொரயா என்ற சகோதரர்கள் சிலாபம் சங்கத்தை வைத்து பிரித்தானிய ஆட்சியோடு மல்லுக்கட்டினார்கள். தரிசு நிலம் என்று சொல்லி அரசு காணிகளை எடுத்ததை எதிர்த்தவர் முதலாமவர். தலைவரி கட்ட மறுத்து சிறைக்குப் போனவர் இரண்டாமவர். அதே குடும்பத்தில் கிளோட் கொரயா 1894ல் பிறந்தார். அரசாங்க சபையில் சிலாபத்தின் பிரதிநிதியாக இருந்து 1936ல் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். பிறகு வொஷிங்டனில் தூதுவர், லண்டனில் உயர்ஸ்தானிகர், ஐ.நா.வில் பிரதிநிதி. உலக வர்த்தக நிறுவனத்துக்கு முன்னோடியான காட் அமைப்பின் கூட்டங்களுக்கும் தலைமை வகித்திருக்கிறார். சிலாபத்துக்காரர் ஒருத்தர் உலக வர்த்தகப் பேச்சு மேசையின் தலைமாட்டில் இருந்தார் என்று நான் ஸ்கூல்ல படிக்கவே இல்லை.

காமினி அடுத்த தலைமுறை. 1925ல் பிறந்தது கொழும்பில். படித்தது றோயல் கல்லூரியில். தாய் கொத்தலாவல குடும்பம். பின்னர் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல இவருக்கு மாமா. அந்தத் தாய்வழிச் சொத்தின் ஒரு பெரிய ஊற்று காரீயச் சுரங்கம், அதாவது பென்சில் கரி. தகப்பன் வழி சிலாபம் என்றால் தென்னை. இலங்கையில் பிரித்தானியரிடம் போகாமல் சுதேசிகளின் கையில் கணிசமாக இருந்த பணப் பொருட்களில் இந்த இரண்டும் அடங்கும். தேயிலைத் தோட்டம் துரைமாருக்கு, தேங்காய்த் தோட்டம் முதலிமாருக்கு என்று ஒரு பாகப்பிரிவினை. அந்தக் காலத்தில் மகனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கப்பல் டிக்கெட் கொப்பராவில் இருந்து வந்தது.

கேம்பிரிட்ஜில் அவர் சேர்ந்தது கோர்பஸ் கிறிஸ்டி கல்லூரி. கெய்ன்ஸ் 1946ல் இறந்துபோனாலும், ஜோன் ரொபின்சன் போன்ற அவருடைய வட்டத்து ஆட்கள் அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. வேலையின்மை ஏன் வருகிறது, அரசு எப்படிச் செலவழிக்க வேண்டும் என்றெல்லாம் அங்கே பேசப்பட்ட பொருளியல், தொழிற்சாலை நாட்டுக்காகச் செய்யப்பட்டது. லங்காஷயரில் மில் மூடினால் என்ன செய்வது என்று அதில் பதில் இருக்கும். சிலாபத்தில் கொப்பரா விலை விழுந்தால் என்ன செய்வது என்று இருக்காது. பிறகு ஒக்ஸ்போர்டின் நஃபீல்ட் கல்லூரிக்குப் போய் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது, அவர் இங்கிலாந்தைப் பற்றி எழுதவில்லை, இலங்கையைப் பற்றி எழுதினார். ஏற்றுமதியில் தங்கிய பொருளாதாரம் ஒன்றின் தளம்பல்தான் விஷயம். மார்கா நிறுவனம் 1975ல் அதை நூலாகக் கொண்டுவந்தது.

தளம்பல் என்றால் என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏ.எல். பொருளியல் செய்தவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். சுதந்திரம் கிடைத்த காலத்தில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் 90 வீதத்துக்கு மேல் தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றில் இருந்துதான் வந்தது. விலையைத் தீர்மானிக்கிறது லண்டன், நியூயோர்க். கொரியப் போர் 1950ல் வெடித்தவுடன் இறப்பர் விலை பறந்தது. தோட்டக்காரன் கையில் காசு, ஏற்றுமதித் தீர்வையால் திறைசேரியிலும் காசு. அந்தக் காசு எங்கே போகும்? அரிசி, துணி, கார் எல்லாம் இறக்குமதி. ஆகவே உள்ளே வந்த டொலரும் பவுணும் அதே கதவால் வெளியே போகும். 1952ல் விலை விழுந்தது. செலவு மட்டும் விழவில்லை. கையிருப்புக் கரைந்தது. 1953ல் அரசு அரிசி மானியத்தை வெட்டப் போய் ஹர்த்தால் வெடித்தது, டட்லி சேனாநாயக்க பதவி விலகினார், அவருடைய இடத்துக்குக் காமினியின் மாமா வந்தார். நியூயோர்க்கில் விழுந்த ஒரு விலை ரெண்டு வருஷத்துக்குள் கொழும்பில் பிரதமரை மாற்றிவிட்டது.

தென்னைக்கு இதோடு இன்னொரு கஷ்டமும் இருக்குது. விலை ஏறியிருக்குது என்று இன்றைக்கு நட்டால் காய்க்க அஞ்சாறு வருஷம். மழை பொய்த்தால் அந்த அடி மரத்தில் தெரிய ஒரு வருஷம். பாளை விரிந்து காய் முற்றவே பதினோரு, பன்னிரண்டு மாசம் போகும். விலை ஒரு நாளில் மாறும், மரம் அதன் பாட்டில் நிற்கும். லுணுவிலவில் 1929ல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டத்தின் வாரிசாக இருக்கிற நிறுவனம் இதைத்தான் இன்றைக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்குது. மாமாவுக்கு இதெல்லாம் யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா இதை ஒரு நாட்டின் கணக்கு ஏடாக மாற்றுவதற்கு ஆரோ ஒருத்தர் படிக்க வேண்டியிருந்தது.

அதுக்கு முன்னால நாட்டுக்குச் சொந்தமாக ஒரு மத்திய வங்கிகூட இல்லை. 1880களில் கோப்பி அழிந்து, 1884ல் ஓரியண்டல் வங்கி மூழ்கின பிறகு வந்த நாணயச் சபை ஏற்பாடுதான் 1950 வரைக்கும். ஏற்றுமதி கூடினால் ரூபாய் கூடும், குறைந்தால் ரூபாய் குறையும், யாரும் யோசிக்கத் தேவையில்லை. 1950 ஓகஸ்ட் 28ல் மத்திய வங்கி தொடங்கியது. முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்டர் என்ற அமெரிக்கர். அந்தப் புது வங்கியின் ஆய்வுப் பிரிவுக்குள்தான் லண்டன், கேம்பிரிட்ஜ், அமெரிக்கா என்று போய்ப் படித்துத் திரும்பிய பொருளியலாளர்கள் வந்து குவிந்தார்கள். எச்.ஏ.டி.எஸ். குணசேகர, எஸ்.பி.டி. டி சில்வா இருவரும் லண்டன் பொருளியல் கல்லூரியில் ஆய்வு செய்தவர்கள். முன்னவர் எழுதியதும் இதே நாணயக் கதையைத்தான். தங்கட நாட்டுக் கேள்வியை அங்கே கொண்டுபோய், அங்கத்தைய கருவியால் கிண்டிப் பார்த்த ஒரு தலைமுறை என்று இவர்களைச் சொல்லலாம். எல்லாரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. டி சில்வா கொரயாவைவிட எத்தனையோ மடங்கு இடப்பக்கம்.

ஐம்பதுகளில் கொரயா திட்டமிடல் செயலகத்தை நடத்தினார். 1957க்கும் 1959க்கும் இடையில் ஜோன் ரொபின்சன், கால்டோர், ஹிக்ஸ், மிர்டால், ஒஸ்கார் லாங்கே, கல்பிரெய்த் எல்லாம் இலங்கைக்கு வந்து போனார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளைச் செயலகம் ஒரு தொகுப்பாகவும் வெளியிட்டது. இன்றைக்கு நாங்கள் ஃபீஸ் கட்டிப் போய்க் கேட்கிற பெயர்கள், அன்றைக்குக் கொழும்புக்கு வந்து எங்கட அரிசிக் கணக்கைப் பார்த்தார்கள். உழைக்க முதலே சாப்பிடத் தொடங்கிய நாடு என்ற தொனியில் ரொபின்சன் சொன்னதைத்தான் இன்றுவரை மேடையில் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. எனக்கு அந்தப் பேச்சில் முழுச் சம்மதம் இல்லை. அந்தச் சாப்பாடுதான், அதாவது இலவச அரிசியும் இலவசக் கல்வியும்தான், என்னை மாதிரி ஆட்களை எழுத வைத்தது.

1974ல் கொரயா ஜெனீவாவுக்குப் போனார், அங்க்டாட் அமைப்பின் செயலாளர் நாயகமாக. ராவுல் பிரெபிஷ் தொடங்கிய இடம் அது. 1976 மே மாசம் நைரோபி மாநாட்டில் அவர் கொண்டுவந்த திட்டம், ஒக்ஸ்போர்ட் ஆய்வுக்கு உலக அளவில் எழுதின பதில் மாதிரி. தேயிலை, இறப்பர், கோப்பி, சீனி, சணல், எண்ணெய் வித்துக்கள் உட்பட 18 பொருட்கள். விலை விழும்போது வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து, ஏறும்போது விற்று, நடுவில் ஒரு மட்டத்தைக் காப்பாற்றுவது. அதுக்குக் காசு போட ஒரு பொது நிதியம். சிலாபத்துக் கொப்பரா முதலாளி ஸ்டோர்ல அடுக்கிவைச்சு விலைக்குக் காத்திருக்கிற அதே வேலை, உலகத்துக்கே ஒரு ஸ்டோர் போட்டு.

முதலில் கேட்டது 600 கோடி டொலர். 1980ல் கையெழுத்தானபோது அது 75 கோடி. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, ஆனால் உறுதிப்படுத்தவே இல்லை. போதிய நாடுகள் சேர்ந்து நிதியம் நடைமுறைக்கு வர 1989 ஜூன் ஆகிவிட்டது. அதுக்குள்ள 1985 ஒக்டோபரில் தகர ஒப்பந்தம் உடைந்தது. நிதியம் பிறந்து ஒரு மாசம் போக முதல், 1989 ஜூலையில் கோப்பி ஒதுக்கீட்டு முறையும் உடைந்தது. கொரயா 1984லேயே பதவியை விட்டுப் போயிருந்தார். பொருட்சந்தையைப் பழக்கி எடுப்பது பற்றி 1992ல் ஒரு புத்தகமும் எழுதினார். 2013 நவம்பரில் காலமானார்.

இடையில ஒன்று. 1971ல் சுவிட்சர்லாந்தின் ஃபுனே என்ற ஊரில் சுற்றாடலும் அபிவிருத்தியும் பற்றிக் கூடிய நிபுணர் குழுவுக்கும் இவர்தான் தலைவர். ஏழை நாட்டின் சுற்றாடல் பிரச்சினை பெரும்பாலும் வறுமையே என்று அந்த அறிக்கை வாதாடியது. அதே மாவட்டத்தில், நுரைச்சோலையில், 2011ல் இருந்து நிலக்கரி எரியுது. வறுமையைத் துரத்த என்று வந்த புகை யாருடைய கூரையில் படியுது என்று கற்பிட்டி ஆட்களிடம் கேட்டால் தெரியும். அது வேற கட்டுரை.

சரி, இந்தக் கேம்பிரிட்ஜ் வழியில யார் யார் போக முடிஞ்சது? கொரயா போனது குடும்ப வசதியில. அரசாங்கப் புலமைப்பரிசில் என்று 1870ல் தொடங்கிய பாதை ஒன்றிருந்தது, பொன்னம்பலம் அருணாசலம் அந்தப் பாதையால் கேம்பிரிட்ஜ் போனவர். 1934ல் யாழ்ப்பாணத்து ஏ.எம்.ஏ. அஸீஸ் கேம்பிரிட்ஜ் போய், சிவில் சேவைப் பரீட்சையில் தேறியதால் படிப்பை விட்டுத் திரும்பினார். அவர் 1945ல் முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று ஒரு கல்விச் சகாய நிதியைத் தொடக்கியதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். ஏனென்றால் விளிம்பில் இருந்து ஒரு பிள்ளை போக வேண்டுமென்றால் தோட்டம் போதாது, ஒரு நிதி வேணும் என்று அவருக்குத் தெரிஞ்சிருந்தது. அதே 1945ல்தான் கன்னங்கராவின் இலவசக் கல்வியும் வந்தது.

எங்கட மாவட்டம் இன்றுவரை பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்குது. வர்த்தகப் பிரிவில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, மிச்சம் 5 வீதம் அந்தப் பட்டியல் மாவட்டங்களுக்கு. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து, ஓலைக் கொட்டிலில் தங்கின பிறகு, இருந்த ஒரு சில நல்ல பாடசாலைக் கதிரைகளுக்கு ஆட்கள் இரட்டிப்பானார்கள். ஊர்க்காரருக்கும் வந்தவர்களுக்கும் இடையில் அதனால் வந்த மனக்கசப்பை எங்கட வீட்டுப் பெரியவர்கள் மெல்லிய குரலில்தான் பேசுவாங்க. கெம்பஸ் கிடைக்காதவன் மாரவில, வென்னப்புவ பக்கமென்றால் இத்தாலிக்கு, எங்கட பக்கமென்றால் கட்டாருக்கு. கொஞ்சம் காணி இருந்தால் மலேசியாவுக்குப் படிக்க.

அப்படிப் போறவங்க அங்க எடுக்கிறது கூடுதலாக மார்க்கெட்டிங், மனிதவளம், கணக்கீடு. பிழையில்லை, வேலை வேணும். ஏஜென்ட்மார் ஹோட்டல்ல போடுற செமினாருக்கு நானும் ரெண்டு முறை போயிருக்கிறேன். டீயும் ரோல்ஸும் நல்லம். ஒரு முறை, ரூபாய் விழுந்தால் ஃபீஸ் என்னாகும் என்று கேட்டேன். சேர்க்கைக் கட்டணத்தில் கழிவு இருக்கு என்று பதில் வந்தது.

மச்சான் இப்ப பாலாவியில ஒரு தும்பு ஆலையில கணக்கு எழுதுறான். சப்ஜெக்ட் கிரெடிட்டை இங்க ஏற்றுக்கொண்டு மிச்சத்தை முடிக்கலாமா என்று ரெண்டு இடத்தில விசாரிச்சுக்கொண்டிருக்கிறான். 2025 தொடக்கத்தில கடையில ஒரு தேங்காய் 200 ரூபாய்க்குக் கிட்டப் போன நேரம், மாமாட தோட்டத்தில காய் பாதிதான். 2021ல் உரம் நிறுத்தினது, அதுக்குப் பிறகு வந்த வெயில், எல்லாம் சேர்ந்து. விலை வந்த நேரத்தில காய் இல்லை என்று மாமா சொல்ல, மச்சான் கொப்பி ஒன்றில 2019ல் இருந்து மாசம் மாசம் எத்தனை காய் பறிச்சது, என்ன விலை போனது, அன்றைக்கு டொலர் என்ன என்று மூன்று நிரலில் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 2022 பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாசத்தைக் காட்டி, "இதுல நானூறு காய் குறைய எழுதியிருக்கிற, அந்தமுறை ரெண்டு லோட் போனது" எண்டார்.