உப்பளமும் கருவறையும்: மரக்காணக் கடற்கரையை முன்வைத்து அயோடின் உப்பின் வரலாறு

சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணத்தோடு இணைத்துக் காண்பர் ஆய்வாளர் பலர். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கடற்கரையில், கழுவெளியை அடுத்து, உப்பளங்கள் விரிந்துள்ளன. பக்கிங்காம் கால்வாயின் தென்முனையும் இதுவே. உப்பின் வரலாற்றை வரி, வணிகம், விடுதலைப் போராட்டம் ஆகியவற்றின் வழியே பேசுவது வழக்கம். பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளையோடும் அவ்வரலாற்றுக்குத் தொடர்புண்டு.

கருவின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு இன்றியமையாதது. முதல் மூன்று மாதங்களில் கரு அதனைத் தாயிடமிருந்தே பெறுகிறது. அச்சுரப்பு உருவாக அயோடின் வேண்டும். குறைபாடு கடுமையாயின் குழந்தைக்கு அறிவு வளர்ச்சிக் குறையும் செவித்திறன் இழப்பும் நேரலாம். பிறந்தபின் அவற்றை முழுதும் சீராக்க இயலாது. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடலில் பிறப்பதால் உப்பில் அயோடின் நிறைந்திருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் பாத்தியில் விளையும் உப்பில் அது மிகச் சொற்பமே.

பின்னாளில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வை வளர்த்த ராபர்ட் மெக்காரிசன், அதற்கு முன்னரே கில்கித் பகுதியில் முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர். 1922-இல் சுவிட்சர்லாந்தில் உப்பில் அயோடின் சேர்க்கும் முறை தொடங்கியது. இந்தியாவில் வே. ராமலிங்கசாமியும் உடன் ஆய்வாளரும் 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் நடத்திய ஆய்வு, அயோடின் உப்பால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. அதன் விளைவாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் உருவாயிற்று. கேடு கழுத்தளவில் நிற்பதன்று என்பது தெளிவானபின், 1992-இல் அத்திட்டம் அயோடின் குறைபாட்டு நோய்கள் தடுப்புத் திட்டமெனப் பெயர் மாற்றம் பெற்றது.

அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-இல் நாடு தழுவிய தடை வந்தது. 2000-இல் அது விலக்கப்பட்டு, 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அத்தடை விதியைச் சட்ட வரம்பு மீறியதெனக் கூறினாலும், அரசு மாற்று வழி காண ஆறு மாதம் அதனை நீடிக்க விட்டது. பின்னர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை தொடர்ந்தது. உற்பத்தி நிலையில் பத்து இலட்சத்தில் 30 பங்கும், நுகர்வோர் கைக்கு வரும்போது 15 பங்கும் குறையாமல் அயோடின் இருத்தல் வேண்டும் என அப்போது வரையறுக்கப்பட்டது.

ஏழையும் செல்வரும் நாள்தோறும் உண்பது உப்பு. அதனாலேயே ஆங்கில அரசு அதன்மீது வரி விதித்தது. 1930-இல் வேதாரண்யத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதே காரணத்தாலேயே மருத்துவமும் உப்பைத் தேர்ந்தது. எனினும், 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வில் அயோடின் உப்புப் பயன்பாட்டில் தமிழ்நாடு நாட்டுச் சராசரியான 93 விழுக்காட்டை எட்டவில்லை. அளத்திலிருந்து நேரே அடுப்படிக்குச் செல்லும் கல்லுப்பு அயோடின் தெளிக்கும் நிலையைக் கடப்பதில்லை. ஆகவே, உப்பு விளையும் கரையிலேயே தாய்க்கு இச்சத்துக் குறைய இடமுண்டு. சட்டம் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. விற்பனைக்கே வராத உப்பை அது எட்டுவதில்லை. அங்கே பிறக்கவிருக்கும் குழந்தையைக் காப்பது, அளத்தொழிலாளர் குடும்பத்துக்கு அயோடின் உப்பைக் கொண்டு சேர்க்கும் ஏற்பாடே ஆகும்.