மானமும் மறுப்பும்

மொழி பழகாத ஊரில் வாழும் நமக்கு, வீதியில் ஒரு பெண் தொல்லைக்கு உள்ளாகும்போது சட்டம் துணை நிற்குமா என்ற ஐயம் எழுவது இயல்பே. அச்சட்டத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1860-இல் இயற்றப்பட்டு 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் 'மானம்' என்பதையே அளவுகோலாகக் கொண்டது. மானபங்கம் செய்யும் நோக்குடன் தாக்கினால் 354-ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறை. சொல்லாலோ சைகையாலோ இழிவுபடுத்தினால் 509-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை. விடாது பின்தொடர்வதற்கு அதில் தனிப்பெயரே இல்லை.

1997-இல் விசாகா வழக்கில், தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான அமர்வு, பணியிடப் பாலியல் தொல்லைக்கு இலக்கணம் வகுத்தது. 2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் அவர் தலைமையிலேயே குழு ஒன்று அமைந்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டது. பாலியல் தொல்லையும் பின்தொடர்தலும் தனிக்குற்றங்களாயின. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னும் மீண்டும் மீண்டும் தொடர்பவனுக்கு முதன்முறை மூன்றாண்டு வரை, மறுமுறை ஐந்தாண்டு வரை சிறை. மானம் என்ற சொல் சட்டத்தைவிட்டு நீங்கவில்லை. எனினும் அதனருகே அவளுடைய மறுப்பும் இடம்பெற்றது.

2024 ஜூலை 1 முதல் இவை பாரதிய நியாய சம்ஹிதையின் 74 முதல் 79 வரையுள்ள பிரிவுகளில் அடங்கியுள்ளன. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம் என்பதும் இன்று சட்டமே. ரயிலில் நேர்ந்ததை இறங்கும் ஊரிலேயே சொல்லலாம். 'அயலூரில் நமக்கு யார் இருக்கிறார்கள்?' என்று கூறி நம் வீட்டுப் பெண்களை வாய்மூடச் செய்யும் வழக்கத்தை நாம் கைவிடுவோமாக.